பகாவிலிருந்து மலாக்காவுக்கு ஒரு பஸ்

மே 12, 2025, திங்கள்

விசாக தின விடுமுறை. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். பள்ளி விடுமுறையில் எங்கள் பகா (நெகிரி செம்பிலான்) தோட்டத்துப் பிள்ளைகளை மலாக்காவுக்குக் கூட்டிப்போவது உறுதியாகிவிட்டது, பஸ்ஸுக்கு முன்பணமும் கட்டியாயிற்று. எங்கெங்கே இறங்குவது என்பதில்தான் பேச்சு நீண்டது. தாமிங் சாரி கோபுரம், ஆற்றுப் படகு, பேரங்காடி, இது போதும் என்றார் தலைவர் அண்ணன். பிள்ளைகளுக்கு அதெல்லாம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு கோயிலும் மசூதியும் சீனக்கோயிலும் அருகருகே நிற்கும் துக்காங் இமாஸ் தெருவை மிதிக்காமல் திரும்ப எனக்கு மனம் வராது. காலை வேளையை எனக்குக் கொடுங்கள் அண்ணே, மாலை உங்களுடையது என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மே 20, செவ்வாய்

டியூஷன் முடிந்ததும் பிள்ளைகளிடம் நீனா சாத்துவின் கதையைச் சொன்னேன். 1509இல் மலாக்கா சுல்தானிடம் சிறைபட்ட போர்த்துகீசியர்களுக்கு உதவிய தமிழ் வணிகர் அவர். 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் நகரைப் பிடித்ததும் அவரைப் பெண்டஹாரா என்னும் உயர் பதவியில் அமர்த்தினார். 1514இல் அந்தப் பதவியைப் பிடுங்கிக் சுமாத்திராவின் கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் சிதை அடுக்கித் தீக்குளித்தார் நீனா சாத்து.

“அப்ப அவரு துரோகியா டீச்சர்?” என்றாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. சுல்தானின் பக்கம் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும், கைதிகளின் பக்கம் நின்றால் வேறு மாதிரித் தெரியும் என்றேன். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வெகுநேரம் வாதாடினார்கள். தமிழன் என்பதற்காக மட்டும் அவரைத் தூக்கிவைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையின் அரசியலைப் புரட்டும் இடத்தில் நம்மவர் ஒருவர் இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

மே 27, செவ்வாய்

பால்மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் ரப்பரை முதன்முதலில் தோட்டமாகப் பயிரிட்டவர் மலாக்காக்காரரான தான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பாட்டியிடம் சொன்னதும், “அந்தாளு நட்டதுக்குத்தான் நான் விடியக்காலையில எழுந்து சீவப் போனேனா!” என்றார். பாட்டியும் வருகிறார்.

மே 31, சனி

இருட்டோடு கிளம்பி, கோலா பிலா, ஜொகோல் வழியாகத் தம்பின் வந்து பசியாறினோம். வெயிலுக்கு முன்பே செயின்ட் பால் குன்றில் ஏறிவிட்டோம். 1521இல் கட்டிய தேவாலயம், இன்று கூரையில்லாச் சுவர்கள். பிரான்சிஸ் சேவியரின் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் இங்கேதான் சில மாதங்கள் புதைத்து வைத்திருந்தார்கள். கீழே சாந்தியாகோ வாசல். 1807இல் ஆங்கிலேயர்கள் போர்த்துகீசியர் கட்டிய கோட்டையை இடித்தபோது தப்பியது இந்த ஒரு வாசல்தான். இதன் எதிரே அப்போது கடல் இருந்தது, இப்போது மண் கொட்டி நிரப்பிய நிலத்தில் பேரங்காடி நிற்கிறது.

டச்சுக்காரர்களின் நிர்வாக மாளிகையான, 1650ஆம் ஆண்டின் ஸ்டாட்ஹைஸையும் 1753இல் முடித்த கிறிஸ்து தேவாலயத்தையும் படம் மட்டும் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டினோம்.

அப்புறம் துக்காங் இமாஸ் தெரு. பொய்யாத விநாயகர் கோயில், 1781. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் மலாக்காச் செட்டிகள், அதாவது அந்தக் காலத்திலேயே இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், கட்டியது. நான்கு எட்டு வைத்தால் 1748ஆம் ஆண்டின் கம்போங் கிளிங் மசூதி, பகோடா போல எழும்பும் அதன் தூபி, தெரு நீளும் திசையிலேயே செங் ஹூன் தெங் சீனக்கோயில். மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்றதற்கு இந்த ஒரு தெருவே சாட்சி சொல்லும்.

கோயிலில் மலாய்க்காரர் பாணியில் சாரோங் கெபாயா உடுத்திய அம்மா ஒருவர் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். காஜா பேராங்கில் உள்ள செட்டி கிராமத்துக்காரர். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. பாட்டி தன் பசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், பேச்சுக் கொடுத்தார். போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவோம், பழக் காலத்தில் பழங்களை வைத்து இன்னொரு படையலும் உண்டு என்றார் அந்த அம்மா. பாட்டிக்கு உட்கார இடம்கூடத் தேவைப்படவில்லை. நின்றபடியே குழம்பு, கூட்டு, மறைந்த கணவர் என்று பேசிக்கொண்டே போனார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் பிரித்துக் கூட்டிவந்தேன்.

மாலையில் தாமிங் சாரி. 110 மீட்டர் கோபுரம், மெல்லச் சுழன்றபடி 80 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போகிறது. இதை முதலில் ஆற்றோரம் கட்டத் தொடங்கினார்கள். 2006இல் தோண்டியபோது டச்சுக்காரர்கள் கட்டிய மிடல்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட, கோபுரத்தை பண்டார் ஹிலிருக்கு மாற்றினார்கள். பழைய கல்லுக்குப் புதிய கோபுரம் வழிவிட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம். மேலிருந்து குன்றும் ஆறும் நீரிணையும் சேர்ந்து தெரிந்தன. காலையில் நடந்த தெருக்களைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் காட்டினார்கள். தலைவர் அண்ணன் கேட்ட இடமும் தேவையான இடம்தான்.

படகில் ஆற்றோர மலாய்க் கிராமமான கம்போங் மோர்தெனைப் பார்த்துவிட்டு, ஜோங்கர் தெருவில் குலா மலாக்கா என்னும் பனைவெல்லப் பாகு ஊற்றிய செண்டோல் குடித்தோம்.

ஜூன் 4, புதன்

பிள்ளைகள் எழுதிவந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் கோபுரம்தான். துரோகியா என்று கேட்டவள் மட்டும் நீனா சாத்துவுக்காக வாதாடி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். ஒரு பையன், தான் சே யான் என்பவரையும் தன் தாத்தாவின் சீவுகத்தியையும் ஒரே பத்தியில் வைத்திருக்கிறான். அந்தப் பத்தியை மண்டபப் பலகையில் ஒட்டப்போகிறேன்.

பாட்டி பழக் காலம் எப்போது என்று தினமும் கேட்கிறார். காஜா பேராங்குக்குப் பஸ் வேண்டாம், ஒரு வேன் போதும்.