புது ரைஃபிளும் ஒரு தளர்ந்த திருகும்

கடைக்காரர்கள் இன்றும் இதை ‘வேட்டை ரைஃபிள்’ என்றுதான் சொல்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பெயரில் மட்டும்தான் வேட்டை இருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டுப்பன்றி நிலக்கடலைக் காட்டையே புரட்டிப் போட்டாலும், உரிமம் கையில் இருக்கிறது என்பதற்காக நாமாகச் சுட்டுவிட முடியாது. நான் இந்த .22 போல்ட் ரைஃபிளை (0.22 அங்குலக் குழல்; ‘போல்ட்’ என்ற உலோகத் தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வாங்கியது கிளப்பில் இலக்குச் சுடுவதற்காக.

உரிமப் புத்தகத்தில் பதிவு முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே சுட்டுப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமா, “மாப்பிள்ளை, மொதல்ல குழலுக்குள்ள வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க” என்றார். போல்ட்டைக் கழற்றி, தோட்டா அறை காலியாக இருப்பதை விரலால் தடவியும் உறுதி செய்துகொண்டு, குழலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் உள்ளே கெட்டியாக உறைந்திருந்தது. அடைப்போடு சுட்டால் குழல் வீங்கவோ பிளக்கவோ கூடும். தோட்டா அறைப் பக்கத்திலிருந்தே கம்பியைச் செலுத்தி, துணி வெள்ளையாக வெளிவரும்வரை துடைத்தேன். தோட்டா போடாமல் விசையை இழுத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொண்டேன்; .22இல் விசையை இழுத்ததும் பாயும் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிப்பதால், தோட்டா இல்லாதபோது அது அறையின் விளிம்பையே பதம் பார்த்துவிடும்.

மாந்தோப்பில் வைத்துச் சுட்டுப் பார்க்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். இந்தச் சின்னத் தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு வரை போகக்கூடியது. போதாக்குறைக்கு, எங்கள் கிருஷ்ணகிரி மண்ணில் திரும்பிய பக்கமெல்லாம் பாறை. பாறையில் பட்ட ஈயம் எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, பின்னால் மண்மேடு உள்ள 50 மீட்டர் சுடுதளத்துக்கே போனோம்.

அங்கேதான் என் அவசரம் வெளிப்பட்டது. முதல் ஐந்து குண்டுகள் தாள் முழுக்கச் சிதறின. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் குமிழைத் திருகினேன், அடுத்த ஐந்தும் வேறு விதமாகச் சிதறின. வாங்கும் தோட்டாவுக்கும் உரிமத்தில் கணக்கு உண்டு என்பதால் ஒவ்வொன்றும் மனதை உறுத்தியது. சிதறலை ஸ்கோப்பால் சரிசெய்ய முடியாது; குண்டுகள் ஓரிடத்தில் கூடினால்தான் அந்தக் கூட்டத்தை நகர்த்த முடியும் என்ற எளிய விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாமா ஸ்கோப்பைத் தொடவே இல்லை. துப்பாக்கியைக் கவிழ்த்து, குழலையும் மரக்கட்டையையும் இணைக்கும் முன்திருகில் திருப்புளியை வைத்தார்; அது முக்கால் சுற்று சுற்றியது.

இறுக்கிய பிறகு ஐந்து குண்டுகளும் ஒன்றாகக் கூடின, ஆனால் குறிக்கு 4 செ.மீ. கீழே. என் ஸ்கோப்பில் ஒரு கிளிக், அதாவது குமிழின் ஒரு சிறு திருப்பம், குண்டு படும் இடத்தை 50 மீட்டரில் ஏறத்தாழ 3.6 மி.மீ. நகர்த்தும். பதினொரு கிளிக் மேலே ஏற்றினேன். அடுத்த ஐந்தையும் பழைய ஒரு ரூபாய் நாணயம் ஒன்றால் மூடிவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் நகப்பூச்சைக் கேட்டு வாங்கி, எல்லாத் திருகுகளின் தலையிலிருந்தும் பக்கத்து உலோகம் வரை ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். திருகு சற்றே நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். எதற்கு என்று கேட்டவள், பதிலைக் கேட்டுவிட்டுப் புட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.