ஜெராக்ஸ் கடையில் போட்ட ஓட்டு

அப்பாவைப் பார்த்துக்கொள்ள நியூஜெர்சியை விட்டுக் கோவைக்கு வந்தேன். பாஸ்போர்ட் மட்டும் அமெரிக்காவுடையது. 2020இல் டிரம்ப்பை எதிர்த்து யாரை நிறுத்துவது என்று ஜனநாயகக் கட்சிக்குள் போட்டி சூடாக இருந்தது. நியூஜெர்சியில் உட்கட்சித் தேர்தல் ஜூனில்தான். அதற்குள் பந்தி முடிந்து இலையை எடுத்துவிடுவார்கள்.

இன்னொரு வழி இருந்தது. வெளிநாட்டில் வாழும் கட்சிக்காரர்களுக்கான 'டெமாக்ரட்ஸ் அப்ராட்' அமைப்பைக் கட்சி ஒரு மாநிலம் போலவே நடத்துகிறது. தனித் தேர்தல், ஜனாதிபதி வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்குத் தனிப் பிரதிநிதிகள். அந்த வருடம் அந்தத் தேர்தலுக்கு 13 பிரதிநிதி இடங்கள். ஓட்டுப்பதிவு மார்ச் 3 முதல் 10 வரை. குடியரசுக் கட்சியில் இப்படிக் கிடையாது, மாநிலத்துத் தபால் ஓட்டுதான். உறுப்பினராகச் சேரக் காசு கேட்கவில்லை. ஒரே நிபந்தனை, ஜனாதிபதி வேட்பாளருக்கு இங்கே ஓட்டுப் போட்டால் சொந்த மாநிலத்தில் மறுபடி போடக் கூடாது.

நேரில் போடச் சில நகரங்களில் மையங்கள் வைத்திருந்தார்கள். நான் இமெயிலில் அனுப்ப முடிவு செய்து, முதல் நாளே தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வாக்குச்சீட்டை பிரின்ட் எடுத்த கடைக்காரர், "இதென்னங்க சார், அமெரிக்கா எலெக்சனுங்களா?" என்று உரக்கக் கேட்டார். வரிசையில் நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அதே தாளில் என் பெயரும் இருந்தது. ரகசிய வாக்கெடுப்பு என்பதெல்லாம் அங்கே காற்றில் போனது. எலிசபெத் வாரனுக்கு டிக் அடித்து, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், கையெழுத்தே போடவில்லை! திரும்பவும் கடைக்கு ஓடினேன்.

இரண்டே நாளில், 5ஆம் தேதி, வாரன் போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஒரு வாரம் இருந்தது, பொறுத்திருக்கலாம். என்னைப் போல் அவசரப்பட்டவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது. அவருக்கு 14 விழுக்காட்டுச் சொச்சம் விழுந்திருந்தது. பிரதிநிதி கிடைக்க 15 விழுக்காடு வேண்டும். சாண்டர்ஸ் 9, பைடன் 4 என்று பிரித்துக்கொண்டார்கள்.

இங்கே உறுப்பினரானால் நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கும் சேர்த்துப் பதிவாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அது தப்பு. அதற்கு ஃபெடரல் போஸ்ட் கார்டு விண்ணப்பம் என்று தனியாக ஒன்று உண்டு. கடைசியாகக் குடியிருந்த அமெரிக்க முகவரியை எழுதி அந்த ஊர்த் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வருடா வருடம் அனுப்பிவிடுவது நல்லது.

அதையும் அனுப்பினேன். கொரோனாவால் நியூஜெர்சி உட்கட்சித் தேர்தல் ஜூலை 7க்குத் தள்ளிப்போனது. அந்தச் சீட்டில் ஜனாதிபதி கட்டத்தை விட்டுவிட்டு மற்ற பதவிகளுக்கு மட்டும் போட்டேன். பிரின்ட் எடுக்க மறுபடி அதே கடைதான். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, அவர் கேட்டார்:

"அன்னைக்கு ஓட்டுப் போட்டீங்களே, உங்க ஆள் என்னாச்சுங்க சார்?"

சொன்னேன்.

"அட, டெபாசிட் போச்சுங்களா!"