சாரல் காலத்தில் சாமி தரிசனம்

குற்றாலம் போய் வந்தேன் என்று சொன்னால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் முதலில் வருகிற கேள்வி, "தண்ணி எப்படி விழுது?" என்பதுதான். சாமி தரிசனம் ஆச்சா என்று கேட்பவர்கள் குறைவு. மெயின் அருவியும் குற்றாலநாதர் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் சீசன் நேரத்தில் பாதிக் கூட்டம் ஈரத்துண்டோடு கோயில் வாசலைக் கடந்து நேராகச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் போகும். குறை சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்தால் வருகிற பசி அப்படி.

இந்த முறை ஆனி மாதக் கடைசியில் அம்மா, சித்தி, தம்பி, நான் என்று நான்கு பேர் காரில் கிளம்பினோம். அம்மா கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "அவசரம் அவசரமா ஓடக் கூடாது. எங்க தண்ணி இருக்கோ அங்க குளி, எங்க நடை திறந்திருக்கோ அங்க கும்பிடு." மலையடிவாரக் கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்திவிடும் என்பதால் இந்தத் திட்டம் நன்றாகவே ஒத்துவந்தது. நடை சாத்தியிருக்கிற நேரத்துக்குத்தான் மலையும் சாலையும் இருக்கின்றனவே.

ஆலங்குளம் வரை சாதாரண வெயில். பாவூர்சத்திரம் நெருங்கும்போது காற்று மாறிவிட்டது. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினோம். மேற்கே மலை முழுக்க மேகம், இரண்டு பக்கமும் காற்றாலைகள். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு கேரளப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து கணவாயாக இருப்பதால், அந்த வழியாக நுழைகிற மேகமும் காற்றும் இந்தப் பக்கம் சாரலாக விழுகின்றன. குடை பிடிக்கத் தேவையில்லை, பிடித்தாலும் நிற்காது.

தென்காசியில் முதலில் காசி விசுவநாதர். கோபுர வாசலில் நுழையும்போது காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும். இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை. சித்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் இது. எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து போ, அது முடிகிற இடத்தில் எனக்குக் கோயில் கட்டு என்று இறைவன் கனவில் சொன்னதாகத் தல வரலாறு. சுவாமி விசுவநாதர், அம்பாள் உலகம்மன்.

இங்கே என்னை நிறுத்திவைப்பது அந்த அரசனின் கல்வெட்டுப் பாடல். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை வந்தால், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களை இப்போதே பணிகிறேன் என்று உலகறியச் சொல்லியிருக்கிறான். கட்டியவன் கும்பிடு போடுவது, இன்னும் பிறக்காத யாரோ ஒருவருக்கு! குறையும் வந்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அம்மா சின்ன வயதில் பார்த்ததும் அந்த மொட்டைக் கோபுரத்தைத்தான். இப்போது 180 அடி உயரத்தில் ஒன்பது நிலைகளோடு நிற்கிற கோபுரம் திருப்பணி முடிந்து குடமுழுக்குக் கண்டது 1990-ல். அந்தத் திருப்பணிக்கு நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் ராஜாவின் அந்தக் கும்பிடு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முன்மண்டபத்தில் வீரபத்திரர், காளி, ஊர்த்துவ தாண்டவர், மன்மதன், ரதி எல்லாம் ஆளுயரத்துக்கும் மேலே நிற்கிறார்கள். ரதியின் கைவளையையும் நகக்கண்ணையும்கூடச் சிற்பி விடவில்லை. பார்த்து முடிக்க அரைமணி நேரமாவது வேண்டும்.

அங்கிருந்து குற்றாலம் பக்கம்தான். ஆனால் வழியில் இலஞ்சியில் இறங்காமல் போகக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. காரணம் அகத்தியர். கயிலாயத்தில் சிவபெருமான் திருமணத்துக்கு எல்லோரும் திரண்டதில் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட, அதைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே வந்தார். குற்றாலம் அப்போது பெருமாள் கோயில். திருநீறோடு வந்தவரை உள்ளே விடவில்லை. அவர் இலஞ்சிக்கு வந்து, வெண்மணலில் லிங்கம் பிடித்து வழிபட்டு, முருகனிடம் வழி கேட்டு, வைணவக் கோலத்தில் திரும்பிப் போனாராம். அந்த மணல் லிங்கம்தான் இருவாலுக நாயகர். பேர் அவருடையதானாலும் ஊருக்கு இது குமாரர் கோயில்தான். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். சுற்றிலும் வயலும் தென்னையும், சத்தம் இல்லாத பிராகாரம். குற்றாலத்து நெரிசலுக்குள் போவதற்கு முன்னால் இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவது நல்லது.

குற்றாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. போலீஸ் விசில், "குளிக்கத் தடை" என்று ஒலிபெருக்கி. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. சித்தி அலட்டிக்கொள்ளவில்லை. "அம்புட்டுத் தண்ணியும் அவன் தலைக்குத்தான. நமக்கு நாளைக்கு விடுவான்" என்றாள். கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருந்தன. வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டோம்.

மறுநாள் விடியுமுன் போனால் தடை நீக்கியிருந்தார்கள். மேலிருந்து வருகிற தண்ணீர் பாறையின் நடுவே பொங்குமாகடல் என்கிற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. அதனால்தான் நாம் அடியில் நிற்க முடிகிறது. இல்லாவிட்டால் அந்த உயரத்திலிருந்து நேராக விழுவதை யார் தாங்குவது? பாறை முகத்தில் சின்னச் சின்னதாகச் சிவலிங்கங்கள் செதுக்கியிருப்பதைப் பார்த்தால், இது குளிக்கிற இடம் மட்டுமில்லை என்று புரியும். அருவியே இங்கே தீர்த்தம். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை போட்டிருப்பது நல்ல காரியம். அப்படியும் ஒருவர் சாஷே பாக்கெட்டை மடியில் ஒளித்து வந்து, பக்கத்திலிருந்த பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

உடை மாற்றிக்கொண்டு கோயிலுக்குள் போனோம். இந்தக் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. சன்னதியில் நிற்கும்போதும் அருவி இரைச்சல் அடங்குவதில்லை. அர்ச்சகரின் மந்திரம் அதற்கு மேலே ஏறி ஏறி வருகிறது. வைணவக் கோலத்தில் உள்ளே வந்த அகத்தியர், பெருமாள் தலையில் கைவைத்துக் "குறுகுக, குறுகுக" என்று அழுத்த, நின்ற திருமேனி குறுகி லிங்கமானது என்பது தல வரலாறு. ஐந்து விரலும் பதிந்த தடம் லிங்கத்தின் மேல் இருப்பதாகச் சொல்வார்கள். தலையை அப்படி அழுத்தினால் வலிக்காதா? அதற்காகவே சுவாமிக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். ஓயாத சாரலில் குளிர்ந்து போயிருப்பார் என்று இரவில் சுக்குக் கஷாயம் நைவேத்தியம். தெய்வத்துக்குத் தலைவலியும் ஜலதோஷமும் வரும் என்று கவலைப்படுகிற பக்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். தீபாராதனைத் தட்டு நெருங்கியபோது கற்பூர வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, பச்சிலையும் நல்லெண்ணெயும் சேர்ந்து காய்ந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதையே இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

அம்பாள் குழல்வாய்மொழி அம்மை. தல மரம் குறும்பலா. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகம், குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகம் பாடியிருக்கிறார். ஒரு மரத்தடிக்கென்று தேவாரம் கிடைத்திருக்கிறது என்றால் எப்பேர்ப்பட்ட பலா! மாணிக்கவாசகர் இந்தக் கூத்தனிடம் உற்றார், ஊர், பேர், படிப்பு எதுவும் வேண்டாம், கன்றை நினைத்த பசுவின் மனம் மாதிரிக் கசிந்தால் போதும் என்று கேட்டார். சித்தி அதை முணுமுணுத்துக்கொண்டே பிராகாரம் சுற்றினாள்.

குற்றாலம் வருகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற இடம் சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில், சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம் என்றால் குற்றாலம் சித்திரம். கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, எதிரே தெப்பக்குளத்தோடு, செப்புத் தகடு வேய்ந்த கூரையின் கீழ் தனியாக இருக்கிறது. இங்கே நடராஜருக்குச் செம்புமில்லை, கல்லுமில்லை. சுவரில் எழுதிய ஓவியம்தான் மூர்த்தி, அதற்குத்தான் தீபாராதனை. உள்ளே மங்கலான வெளிச்சம். கண் பழகியதும் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். மூலிகை வண்ணத்தில் காவிச் சிவப்பும் பச்சையும் மஞ்சளும், திருவிளையாடல் கதைகள், மீனாட்சி கல்யாணம், பைரவர்கள். ஒரு மூலையில் வாத்தியக்காரனின் கன்னம் உப்பியிருக்கிறது. இத்தனை சாரலுக்கு நடுவில் சுவர் ஓவியத்தை வைத்துக் காப்பாற்றி வருகிறார்களே, அதுவே பெரிய விஷயம். சில இடங்களில் ஈரம் தின்றிருக்கிறது. கைவைத்துத் தடவிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் போனோம், குளித்தோம். அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள்.

பண்பொழி திருமலை முருகன் கோயிலுக்கு இப்போது மலை உச்சி வரை வண்டி போகிறது. அம்மாவைக் காரில் அனுப்பிவிட்டு, சித்தியும் நானும் படியேறினோம். 600-க்கும் மேற்பட்ட படிகள். பாதிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டதால் எவ்வளவு ஏறினோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒன்றும் தெரியவில்லை, ஒருவகையில் அதுவே வசதி. "யார் முருகா, முன்னால போறது?" என்று சித்தி சத்தம் கொடுக்க, மேலேயிருந்து "அரோகரா" என்று பதில் வந்தது. ஆள் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. சிவகாமி அம்மையார் என்ற அடியார் இந்தக் கோயில் திருப்பணிக்காக மலைமேல் கல்தூண்களை ஏற்றும்போது, உருண்டு வந்த கல்லைத் தன் தலையாலேயே தடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். கைவீசி ஏறுவதற்கே மூச்சு வாங்கிய எனக்கு அந்தக் கதை படியில் நிற்கும்போதுதான் உறைத்தது. குமாரசாமி தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது பனி விலகி, கீழே அனுமன் நதியும் குளங்களும் நாற்று நட்ட வயல்களும் தெரிந்தன.

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். புளியரை தாண்டி மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. சரக்கு லாரிகள் முக்கிக்கொண்டு ஏறும், பின்னாலேயே போகவேண்டியதுதான். "ஏலே, முந்தாத. அவன் போற வேகத்துல போ" என்று அம்மா தம்பியை அடக்கிவைத்தாள். அப்படிப் போனதால்தான் இடப்பக்கமும் வலப்பக்கமும் பாறையில் திடீரென முளைத்த ஓடைகளை எல்லாம் பார்க்க முடிந்தது.

ஆரியங்காவில் ஐயப்பன் கோயில் சாலை மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. படியிறங்கினால் மழைநீர் ஓட்டு விளிம்பிலிருந்து வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இங்கே ஐயன் புஷ்கலாவின் மணவாளன். மணப்பெண் சௌராஷ்டிர குலம் என்பதால், மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர சமூகத்தார் சம்பந்தி வீட்டாராக வருகிறார்கள். மலையாள நாட்டுக் கோயிலில் மதுரைச் சம்பந்தம்! பக்கத்திலேயே பாலருவி. டிக்கெட் எடுத்தால் வனத்துறை வண்டியில் காட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து, பெயருக்கு ஏற்ற வெள்ளையில் விழுகிறது. அன்றைக்கு இருந்த வேகத்தில் அருகே விடவில்லை, தள்ளி நின்று தெறித்த திவலையில் நனைந்ததோடு சரி.

கழுதுருட்டிப் பக்கம் சாலையோரமாகவே பதிமூன்று கண் ரயில் பாலம். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது, அகலப்பாதையாக மாறி 2018-ல் மறுபடி முழுவதுமாகத் திறந்தது. தம்பி படம் எடுத்துக்கொண்டான்.

தென்மலை தாண்டிக் குளத்துப்புழை. ஆரியங்காவில் மாப்பிள்ளையாக இருந்தவர் இங்கே பாலகன். கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன்களைத் திருமக்கள் என்று சொல்லி யாரும் பிடிப்பதில்லை. தோல் வியாதி தீர வேண்டிக்கொண்டு மீனூட்டு நடத்துவார்கள். மழையில் ஆறு கலங்கி, கீழ்ப்படிகள் முழுகியிருந்தன. மீன் வருமா என்று சந்தேகத்தோடுதான் சித்தி பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் பிடி விழுந்ததும் செம்மண் நிறத் தண்ணீருக்குள்ளிருந்து கருப்பு முதுகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வந்தன. ஒன்று படி மேலேயே வந்து சித்தியின் கால் விரலை முட்டிவிட்டுப் போனது. "எம்மா! பசியில இருக்கு பிள்ள" என்று இன்னொரு பொட்டலம் வாங்கினாள்.

அச்சன்கோவில் ஐயப்பன் கோயில் இந்த முறை விட்டுப்போயிற்று. பண்பொழியிலிருந்து மேக்கரை வழியாகக் காட்டுப்பாதையில் போக வேண்டும், வழியில் கும்பாவுருட்டி அருவியும் இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் இருட்டுவதற்குள் இறங்கிவிடுவதுதான் நல்லது, எங்களுக்கோ குளத்துப்புழையிலேயே மணி நாலரை. அம்மா காரில் ஏறும்போதே ஆவணியில் எந்த நாள் தோது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.