ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது வந்த சளி

இடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவமழை, இறங்கிவிட்டால் ரப்பர் தோட்டத்தில் எனக்கு வேலை கிடையாது. ரெயின் கார்டு என்கிற பிளாஸ்டிக் மழைத்தடுப்பு கட்டாத மரத்தை வெட்டினால், அதாவது பாலுக்காகப் பட்டையைக் கீறினால், பால் சிரட்டையில் சேருவதற்குள் மழைத்தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். குலசேகரம் பக்கம் எனக்கு இருப்பது 150 மரம், வெட்டுவதும் நான், பால் சுமப்பதும் நான். அந்தச் சுமைதான் காரணமோ என்னவோ, வலது பக்கம் தொடை இடுக்குக்கு மேலே கோழிமுட்டை மாதிரி ஒரு வீக்கம் வந்தது, நின்றால் தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். ஹெர்னியா என்றார்கள். எப்படியும் வெட்டு இல்லாத மாதம்தானே என்று ஜூன் மாதமாகக் கேட்டு, ஒரு வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கினேன்.

திங்கட்கிழமை காலையில் தொண்டையில் ஒரு கரகரப்பு. மத்தியானம் மூக்கு ஒழுகியது. சாயங்காலம் இருமல்.

முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, எரிச்சல். மைத்துனன் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறான், கூட இருக்க நான்கு நாள் லீவு சொல்லியிருந்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்துவிட்டாள். இவ்வளவும் ஏற்பாடு செய்த பிறகு மூக்கு ஒழுகுகிறது என்று போன் பண்ணிச் சொல்வதா? அம்மா வேறு, "தடுமனுக்குப் போய் யாராவது ஆபரேஷன தள்ளிப் போடுவாவளா மக்களே? சுக்குக் காப்பி குடிச்சா போயிரும்" என்றாள். சுக்கு, மிளகு, கருப்பட்டி போட்ட காப்பி இரண்டு நாளில் எத்தனை டம்ளர் குடித்தேன் என்று கணக்கில்லை. தொண்டைக்கு இதமாக இருந்தது உண்மை, சளி அதன் பாட்டுக்கு இருந்ததும் உண்மை.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லிருங்க" என்று வீட்டுக்காரி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான் என்று போனை வைத்துவிட்டேன், அதை இப்போது ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து மெடிக்கலில் போய்ச் சளி மாத்திரை கேட்டு வாங்கினேன். எதற்கு, ஆபரேஷன் இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு நாளில் மூன்று போட்டேன். மூக்கு நின்றுவிட்டது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை தக்கலை வழியாக பஸ் பிடித்து நாகர்கோவில் போய் அட்மிட் ஆனோம். நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். 154க்கு 96. எனக்கு பிரஷர் என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்புறம் மயக்க மருந்து டாக்டர் வந்தார், என் அக்கா வயது இருக்கும். பல் ஆடுகிறதா, வாயை எவ்வளவு திறக்க முடியும், முன்னால் மயக்கம் கொடுத்திருக்கிறார்களா, எல்லாம் கேட்டார். பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டதற்கு, அதெல்லாம் இல்லை, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தப் போட்டு வைத்திருக்கிற புகைப்புரைக்குள் தினமும் போவேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நன்றாக மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் இருமல் வந்தது, வந்தால் நிற்கவில்லை.

"எத்தன நாளா இருக்கு?"

"இன்னைக்குதான் டாக்டர். பஸ்ல ஜன்னல் பக்கம் இருந்தேன்."

பின்னாலிருந்து என் வீட்டுக்காரி: "திங்கட்கிழமையிலருந்து டாக்டர். மாத்திர போட்டு மறைச்சிட்டு வந்திருக்காரு."

அந்த நிமிஷம் அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. டாக்டர் திட்டவில்லை. காய்ச்சல் இருந்ததா, சளி என்ன நிறம், மூச்சு இழுக்கிறதா என்று கேட்டார், மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். மூக்கடைப்பை எடுப்பதற்காக அதில் இருக்கிற மருந்தே பிரஷரை ஏற்றக்கூடியதாம். வெறுமனே மூக்கு மட்டும் ஒழுகுகிறது, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றால் சில பேருக்குச் செய்துவிடுவோம், உங்களுக்கு நெஞ்சில் இறங்கியிருக்கிறது, வீசிங் சத்தம் லேசாகக் கேட்கிறது, செய்ய மாட்டேன் என்றார்.

எனக்குச் சின்னத் துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி, அதற்கு முழு மயக்கம், மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்க வேண்டும். சளி பிடித்த மூச்சுக்குழாய் தொட்டால் சுருங்குகிற நிலையில் இருக்குமாம், டியூப் போகும்போதோ எடுக்கும்போதோ அது இறுகிக்கொண்டால் ஆக்சிஜன் உள்ளே போகாது. சளி நின்ற பிறகும் உள்ளே அந்த எரிச்சல் சில வாரம் இருக்கும் என்றார். நமக்குத் தெரிந்த விஷயம்தான். வெட்டும்போது கத்தி ஆழமாகப் போய்ப் பட்டைக்கு உள்ளே இருக்கிற தடியில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை மேலுக்கு மூடியது மாதிரி இருக்கும், ஆனால் மறுபடியும் அங்கே கத்தி வைக்கக் கூடாது. இதை டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார்.

இடுப்பில் ஊசி போட்டு மரக்க வைத்துத் திறந்து செய்தால் என்ன என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். செய்யலாம், ஆனால் நீங்கள் டேபிளில் கிடந்து இருமினால் சர்ஜன் எப்படித் தையல் போடுவார், வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க இருமினால் ஹெர்னியா இடத்தை அடைக்க வைத்த மெஷ் வலை என்ன ஆகும் என்றார். அவசர ஆபரேஷன் என்றால் வேறு, இது காத்திருக்கக் கூடியது. மூன்று வாரம் கழித்து வாருங்கள், அப்போது மறுபடியும் பார்த்துத்தான் முடிவு.

மைத்துனன் வெளியே நின்றான். "அத்தான், நான் லீவு போட்டுட்டுல்லா வந்திருக்கேன்" என்றான். நான் என்ன சொல்ல?

அந்த மூன்று வாரம்தான் உண்மையான கஷ்டம். சாதாரண ஆளுக்கு இருமல் வந்தால் இருமல் மட்டும்தான், ஹெர்னியாக்காரனுக்கு ஒவ்வொரு இருமலுக்கும் வீக்கம் வெளியே தள்ளும். வருகிறது என்று தெரிந்ததும் உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லியிருந்தார்கள், அது நல்ல உபாயம். மலச்சிக்கல் வரக் கூடாது, முக்கக் கூடாது. கஞ்சியும் பயறும், சாயங்காலம் பழம் என்று ஓட்டினேன், மரச்சீனியும் மீனும் கண்முன்னே போய்க்கொண்டிருந்தன. புகைப்புரைப் பக்கமே போகவில்லை. கற்பூரவல்லி போட்டு ஆவி பிடித்தேன், உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளித்தேன், மெடிக்கல் மாத்திரையைத் தொடவில்லை. காய்ச்சல் இல்லாததால் ஆன்டிபயாட்டிக்கும் தரவில்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி ஒரு பெரிய இருமலுக்கு அப்புறம் வீக்கம் படுத்தும் உள்ளே போகவில்லை. நிஜமாகப் பயந்தது அன்றைக்குத்தான். வீக்கம் கல் மாதிரி இறுகி, வலி கூடி, வாந்தியும் வந்தால் நேரம் காலம் பார்க்காமல் உடனே ஓடி வரச் சொல்லியிருந்தார்கள், குடல் மாட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்தேன், கையால் அமுக்கித் தள்ளவில்லை. வீட்டுக்காரி ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும். ஒரு பத்து நிமிஷத்தில் தானாகவே உள்ளே போனது. ஆட்டோக்காரர் அதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டார், அவருக்கும் ஒரு சுக்குக் காப்பி.

இருமல் முழுசாக நிற்கப் பன்னிரண்டு நாள் ஆனது. மூன்று வாரம் முடிந்து போனபோது அதே டாக்டர் நெஞ்சைக் கேட்டுவிட்டு, இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். பிரஷர் 126க்கு 80. "இப்ப உண்மைய சொல்லுங்க, ஏதாவது இருக்கா?" என்று என்னிடம் கேட்கவில்லை, என் வீட்டுக்காரியிடம் கேட்டார். அவள் இல்லை என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கினேன், எழுந்தேன். தொண்டை மட்டும் ஒரு நாள் கரகரத்தது, அது டியூபினால். மூன்றாம் நாள் வீட்டில் ஒரு தும்மல் வந்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தும்மினேன், அப்படியும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஒரு தும்மலுக்கு இந்தப் பாடு என்றால், அந்த வாரம் ராத்திரி பகலாக இருமிய இருமலோடு தையலும் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரி மேல் இருந்த மிச்சக் கோபமும் போனது. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

இப்போது மழை விட்டுவிட்டது. மரமெல்லாம் வெட்டுக்குத் தயாராக நிற்கிறது, எனக்கு இன்னும் ஒரு மாதத்துக்குப் பால் வாளி தூக்கக் கூடாது. மழை மாதம் பார்த்து நான் வாங்கிய தேதி எனக்கே இப்படி வந்து முடிந்தது. கூலிக்கு ஆள் வைத்திருக்கிறேன், விடியக்காலம் ஹெட்லைட் கட்டிக்கொண்டு வருகிறான், வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலைச் சரியாகப் பறிக்காமல் போகிறான், நான் திண்ணையில் இருந்து சத்தம் போடுகிறேன். சத்தம் போடுவதற்குத் தடை ஒன்றும் சொல்லவில்லை.