‘நாட் டிடெக்டட்’டும் டிடெக்டட்தான்: குழந்தைகளின் வைரஸ் தொற்றை மருத்துவமனைக் கணினிப் பதிவுகளில் தேடும்போது

கேள்வியை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆர்.எஸ்.வி. (குழந்தைகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது? தரவுத்தளத்தைத் திறந்ததும் அந்த வரியில் ஒரு சொல்கூட நிலையாக நிற்காது. தொற்று என்றால் ஆய்வக முடிவா, டிஸ்சார்ஜின்போது போட்ட நோய்க் குறியீடா? அவசரப் பிரிவில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வீடு திரும்பிய குழந்தை ‘சேர்ந்த’ கணக்கில் வருமா? அரை மணி நேரம் மூக்கில் குழாய் வைத்தாலும் அது ‘ஆக்சிஜன் தேவை’தானா? தரவு கைக்கு வருமுன்பே இதையெல்லாம் எழுதி, தேதி போட்டு வைத்துவிட வேண்டும். எண்களைப் பார்த்த பிறகு எழுதும் வரையறை, நமக்குப் பிடித்த விடையின் பக்கம் சாய்ந்துவிடும்.

பெயர் நீக்கிய பழைய பதிவுகளை மட்டும் பார்ப்பதென்றால், பெற்றோரிடம் தனித்தனியாக ஒப்புதல் வாங்குவதிலிருந்து நெறிமுறைக் குழுவிடம் விலக்கு கேட்கலாம். விண்ணப்பத்தில் எந்தெந்த ஃபீல்டு (பதிவில் உள்ள தகவல் கட்டம்), எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரு ஃபீல்டு விட்டுப்போனால் திருத்த விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. பெரும்பாலும் விட்டுப்போவது நேரங்கள்தான். ஒரு பரிசோதனைக்கு நான்கு நேரங்கள் உண்டு: எழுதிக் கொடுத்தது, மாதிரி எடுத்தது, ஆய்வகத்துக்கு வந்தது, முடிவு வெளியானது. நான்கையும் கேளுங்கள்.

அடையாளத்தை மறைக்க ஒவ்வொரு குழந்தையின் தேதிகளையும் ஏதோ சில நாட்களோ மாதங்களோ நகர்த்தித் தருவது வழக்கம். ஒரு குழந்தைக்கு ஒரே நகர்வு என்பதால் இடைவெளிகள் கெடாது. ஆனால் ஆர்.எஸ்.வி.யும் இன்ஃப்ளூயன்சாவும் பருவத்தோடு வருபவை. தேதி ஐந்தாறு மாதம் தள்ளிப்போனால் பருவமே காணாமல் போகும். நகர்வைச் சில வாரங்களுக்குள் வைக்க முடியுமா, அல்லது சேர்ந்த மாதத்தையும் ஆண்டையும் தனி ஃபீல்டாகத் தர முடியுமா என்று முதலிலேயே குழுவிடம் பேசிவிடுங்கள்.

வயதிலும் இதே கதை. பல ஆய்வு மையங்கள் பயன்படுத்தும் ஓமாப் பொதுத் தரவு மாதிரியில் பிறந்த ஆண்டு மட்டுமே கட்டாயம். மாதமும் நாளும் இருந்தால் இருக்கும். பெரியவர்களுக்கு அது போதும். இருபது நாள் குழந்தையும் பதினோரு மாதக் குழந்தையும் ஒரே பெட்டியில் விழுந்தால் ஆர்.எஸ்.வி. ஆய்வுக்கு அர்த்தமே இல்லை. வயதை நாட்களில் வாங்குங்கள். பிறந்த குழந்தைக்கு முதலில் தாயின் பெயரை ஒட்டித் தற்காலிகப் பதிவும், பிறகு சொந்தப் பெயரில் வேறு எண்ணும் போடும் இடங்கள் உண்டு. இரண்டையும் இணைக்காவிட்டால் குறைப்பிரசவ விவரம் ஓர் எண்ணிலும் மூச்சுத்திணறல் இன்னோர் எண்ணிலும் கிடக்கும். பிறந்த தேதியையும் தாயையும் வைத்து இணைக்கப் போனால் இரட்டைக் குழந்தைகள் ஒருவராகிவிடுவார்கள். எடையில் 3.5 கிலோ 3500 ஆகப் பதிவாகியிருக்கும். வயதுக்கேற்ற எடை வரம்பு வைத்துச் சலித்தால் இது உடனே சிக்கும்.

இனிக் குறியீடுகள். நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி. 10-இல் ஜே21.0 என்றால் ஆர்.எஸ்.வி.யால் வந்த மூச்சுநுண்குழல் அழற்சி, ஜே12.1 ஆர்.எஸ்.வி. நிமோனியா, ஜே20.5 ஆர்.எஸ்.வி. மூச்சுக்குழல் அழற்சி. பி97.4 வேறு நோய்க் குறியீட்டோடு துணையாக வருவது. நான்கையும் சேர்த்துத் தேட வேண்டும். அப்படியும் ஜே21.9, அதாவது காரணம் குறிப்பிடாத அழற்சி, என்ற குறியீட்டுக்குள் ஏராளமான ஆர்.எஸ்.வி. குழந்தைகள் ஒளிந்திருப்பார்கள். பரிசோதனையே செய்யாதவர்களும், செய்தும் முடிவு வருமுன் சுருக்கம் எழுதப்பட்டவர்களும் அங்கேதான். இன்ஃப்ளூயன்சாவிலும் ஜே10 வைரஸ் உறுதியானது, ஜே11 உறுதியாகாதது. இரண்டையும் ஒன்றாகக் கலப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. குறியீட்டை மட்டும் நம்பி வைரஸ் ஆய்வு செய்யாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஆய்வக முடிவை முதலாக வையுங்கள், குறியீடு துணைக்கு இருக்கட்டும்.

ஆய்வக முடிவிலும் கண்ணி உண்டு. ‘டிடெக்டட்’ என்ற சொல்லைத் தேடும் நிரல் ‘நாட் டிடெக்டட்’டையும் சேர்த்தே அள்ளும். சிரிப்பாக இருந்தாலும், பாசிட்டிவ் விகிதம் நம்ப முடியாத உயரத்தில் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். முடிவு ஃபீல்டில் உள்ள எல்லாத் தனி மதிப்புகளையும் பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையாலேயே பொருள் குறியுங்கள். ‘மாதிரி போதவில்லை’, ‘மீண்டும் அனுப்பவும்’ என்பவை நெகட்டிவ் அல்ல. ஒரே ஸ்வாபில் பல வைரஸ்களைத் தேடும் மல்டிபிளெக்ஸ் பி.சி.ஆர். பலவற்றில் ரைனோவைரஸும் என்டிரோவைரஸும் ஒரே வரியில் வரும், பிரிக்க முடியாது. ரைனோவைரஸின் மரபணுத் துணுக்கு நோய் ஆறிய பிறகும் வாரக்கணக்கில் மூக்கில் தென்படலாம். அடினோவைரஸும் போக்காவைரஸும் அதேபோல. எனவே பாசிட்டிவ் என்றதும் ‘இதனால்தான் சேர்ந்தது’ என்று எழுதிவிட முடியாது. வெவ்வேறு கருவிகளின் சி.டி. எண்களை (வைரஸ் தென்பட எத்தனை பி.சி.ஆர். சுற்று ஆனது என்ற கணக்கு) ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடுவதும் செல்லாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், யாருக்குப் பரிசோதனை செய்தார்கள் என்பது. வார்டில் நோய் கடுமையாக இருப்பவர்களுக்கே அதிகம் செய்வார்கள். அதனால் பரிசோதித்தவர்களுக்குள் மட்டும் பார்த்தால் நோய் இருப்பதைவிடக் கடுமையாகத் தெரியும். 2020-க்குப் பிறகு பல மருத்துவமனைகளில் சேரும் எல்லாக் குழந்தைகளுக்கும் கோவிட் ஸ்வாப் எடுத்தார்கள். எலும்பு முறிவுக்கு வந்த குழந்தையும் பாசிட்டிவ் ஆனது. அங்கே கோவிட்டால் சேர்ந்தவரையும் கோவிட்டோடு சேர்ந்தவரையும் கேஸ் ஷீட் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மாதவாரியாக, சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பரிசோதிக்கப்பட்டார்கள் என்ற வரைபடத்தை முதலில் போடுங்கள். அதில் திடீர் ஏற்றம் தெரிந்தால் ஆய்வகத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் புதிய கருவி வந்திருக்கும், அல்லது விதி மாறியிருக்கும். நோய் கூடியிருக்க வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குள்ளேயே தொற்றியதைப் பிரிக்க, சேர்ந்த நேரத்துக்கும் மாதிரி எடுத்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி வேண்டும். முடிவு வந்த நேரத்தை வைத்தால் ஆய்வகத் தாமதமும் கணக்கில் ஏறிவிடும். இன்ஃப்ளூயன்சாவின் நோயரும்பு காலம் (தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை) 1 முதல் 4 நாட்கள், ஆர்.எஸ்.வி.க்கு 2 முதல் 8 நாட்கள். சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு பாசிட்டிவ் ஆனால் மருத்துவமனைத் தொற்று என்று எல்லா வைரஸுக்கும் ஒரே கோடு போட்டால் வீட்டிலிருந்து வந்த ஆர்.எஸ்.வி. வார்டின் தலையில் விழும். 72 மணி, 5 நாள் என்று கோட்டை நகர்த்தி முடிவு மாறுகிறதா என்று பாருங்கள்.

ஆக்சிஜன் விவரம் செவிலியர் குறிப்புகளில் இருக்கும். சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் கலவை அளவு ஓரிடத்தில் 0.4, இன்னோரிடத்தில் 40. வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை-ஃப்ளோவின் லிட்டர் கணக்கு சாதாரண மூக்குக் குழாயின் ஃபீல்டிலேயே கிடக்கும். குழந்தை காலை உதைத்தால் ஆக்சிமீட்டர் 60 காட்டும். தனித்து நிற்கும் ஒரு தாழ்ந்த எண்ணை நம்பாமல், அடுத்தடுத்த இரண்டு அளவுகள் 90-க்குக் கீழே இருந்தால் மட்டும் எடுப்பது நியாயமான விதி.

மருந்துகளில் ஒரு குழி. ஆர்.எஸ்.வி.யைத் தடுக்கக் குழந்தைக்குப் போடும் நிர்செவிமாப் ஓர் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி), தடுப்பூசி அல்ல. முதல் பருவத்தில் 5 கிலோவுக்குக் கீழே 50 மி.கி., அதற்கு மேல் 100 மி.கி. சில இடங்களில் அது மருந்து அட்டவணையிலும், சில இடங்களில் தடுப்பூசி அட்டவணையிலும் பதிவாகும். ஒன்றில் மட்டும் தேடினால் பாதுகாப்பு பெற்ற குழந்தை பெறாதவர் பட்டியலில் போய் உட்காரும். சேர்ந்த பிறகு தொடங்கும் மருந்தென்றால் காலக்கணக்கு வேறு. மூன்றாம் நாளில் ஓசெல்டாமிவிர் என்ற இன்ஃப்ளூயன்சா மருந்தைப் பெற்ற குழந்தை அந்த மூன்று நாளும் வார்டில் இருந்தே தீர வேண்டும். முதல் நாளே வீடு போனவர்களோடு அதை ஒப்பிட்டால், மருந்து வார்டில் தங்கும் நாட்களை நீட்டுவதுபோலத் தெரியும். மருந்தை நேரத்தோடு மாறும் மாறியாக, அதாவது தொடங்கும்வரை ‘பெறாதவர்’, பிறகு ‘பெற்றவர்’ என்று, வைப்பதே இதற்கு வழி.

வரையறை சரியா என்று பார்க்கக் கேஸ் ஷீட்டைத் திறக்காமல் தீராது. நிரல் ‘ஆம்’ என்றவர்களில் நூறு பேர், ‘இல்லை’ என்றவர்களில் நூறு பேர், சீட்டுக் குலுக்கியதுபோல எடுத்து, இரண்டு மருத்துவர்கள் ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல் படிக்கட்டும். ‘ஆம்’களை மட்டும் படித்தால் எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்பது தெரியவே தெரியாது. படிக்கும்போது முதல் நாள் குறிப்பு அப்படியே நான்கு நாளும் நகலெடுத்து ஒட்டப்பட்டிருப்பதையும், ‘அண்ணனுக்கு ஃப்ளூ’ என்ற வரியை நிரல் குழந்தையின் நோயாக எடுத்திருப்பதையும் கண்டுபிடிப்பீர்கள்.

எழுதும்போது இப்படிப்பட்ட பதிவு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2015-இல் வெளியான ரெக்கார்ட் வழிகாட்டியைப் பக்கத்தில் வையுங்கள். குறியீட்டுப் பட்டியலையும் நிரலையும் இணைப்பாகக் கொடுங்கள். அட்டவணையில் ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கைகளை மறைக்கச் சொல்வார்கள். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டுக் கீழே மொத்தத்தைப் போட்டால் கழித்துப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடலாம். அதே நெடுவரிசையில் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும்.