மால்மோவில் குளிர்காலம், ஹோவ்ஸ் ஹல்லாரில் கோடை

'எக்ஸார்சிஸ்ட்' பேய்ப் படத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் தொப்பியும் பையுமாக வந்து நிற்பாரே ஒரு கிழப் பாதிரியார், அந்த வேடத்தில் நடித்தவர்தான் ஸ்வீடன் நடிகர் மாக்ஸ் வான் சிடோ. 1973இல் அந்தப் படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 44. அந்தக் கிழத்தனத்தில் பாதி டிக் ஸ்மித்தின் ஒப்பனை. மீதிப் பாதி, அதாவது அந்த நடையும் மூச்சு வாங்கலும், எங்கே கற்றது? ஸ்வீடனின் தென்கோடியில் இருக்கும் ஸ்கோனே மாகாணத்துக்கு நான் போனதே அதைப் பார்க்கத்தான்.

கோபன்ஹேகனில் ரயில் ஏறினால் கடலுக்கு அடியில் கொஞ்ச தூரம், மேலே பாலத்தில் கொஞ்ச தூரம் போய் ஸ்வீடனுக்குள் நுழைந்துவிடலாம். 2000இல் திறந்த பாலம் இது. முதலில் நான் இறங்கியது லுண்ட். தெருவெல்லாம் மாணவர்களும் சைக்கிள்களுமாக இருக்கும் பல்கலைக்கழக ஊர். வான் சிடோ 1929இல் இங்கேதான் பிறந்தார். அப்பா நாட்டார் கதைகளை ஆராய்ந்த பேராசிரியர். லுண்ட் தேவாலயத்துக்குள் 15ஆம் நூற்றாண்டு வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் இரண்டு குதிரை வீரர்கள் வாளால் மோதி மணி அடிக்கிறார்கள். பிற்பாடு உலகப் புகழ் தரப்போகும் வீரன் வேடத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று கதை கட்ட ஆசைதான். அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை, விட்டுவிடுகிறேன்.

பள்ளியில் படித்தபோது மால்மோவுக்குச் சுற்றுலா அழைத்துப் போய் ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகம் காட்டியிருக்கிறார்கள். பையன் ஊர் திரும்பி நண்பர்களைச் சேர்த்து நாடகக் குழு ஆரம்பித்துவிட்டான். அப்போது அவன் பெயர் கார்ல் அடால்ஃப். பட்டாளத்தில் இருந்தபோது தெள்ளுப்பூச்சி சர்க்கஸ் என்று ஒரு வேடிக்கை நிகழ்ச்சி போட்டார்களாம். அதில் நட்சத்திரத் தெள்ளுப்பூச்சியின் பெயர் மாக்ஸ். அந்தப் பெயரையே இவர் தனக்கு வைத்துக்கொண்டார்.

ஸ்டாக்ஹோமில் அரச நாடகப் பள்ளி, சிறு ஊர் மேடைகளில் சில வருடங்கள், அப்புறம் 1955இல் மால்மோ நகர நாடக அரங்கம்.

அந்தக் கட்டடம் இன்று ஓபரா அரங்கமாக இருக்கிறது. வாசலில் சிற்பம், முகப்பில் கண்ணாடி, உள்ளே பளிங்குக் கூடம். 1944இல் திறந்தபோதே 1500 பேருக்கு மேல் உட்காரலாம். சின்ன நாடகங்களுக்காகக் கூடத்தைச் சுருக்கிக்கொள்ள நகரும் சுவர்களும் வைத்தார்கள். மேடையின் அகலத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதில் தனியாக நின்று பேசுபவன் கடைசி வரிசை வரை குரலைக் கொண்டு சேர்க்க வேண்டும், கை கால்களையும் அடக்கி வைக்க வேண்டும். ஆறடிக்கு மேல் உயரமான இந்த மனிதர் படங்களில் எப்போதும் அசையாமலேயே நிற்பதன் ரகசியம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்மர் பெர்க்மன் அப்போது இங்கே நாடக இயக்குநர். 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்', 'பியர் கிண்ட்', மொலியேரின் 'மிசாந்த்ரோப்', கதேயின் ஃபவுஸ்ட் என்று வான் சிடோவை முக்கிய வேடங்களில் வரிசையாகப் போட்டு வறுத்தெடுத்தார். குளிர்காலம் முழுக்க நாடகம். கோடை வந்ததும் அதே நடிகர்களைக் கூட்டிக்கொண்டு சினிமா எடுக்கக் கிளம்பிவிடுவார். இங்க்ரிட் தூலின், பீபி ஆண்டர்சன், குன்னல் லிண்ட்ப்ளோம் எல்லோரும் இந்தக் கூட்டம்தான். 1957 தொடக்கத்தில் வெளியான 'ஏழாவது முத்திரை'யில் வான் சிடோ கதாநாயகன். அதே வருடக் கடைசியில் வந்த 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' படத்தில் பெட்ரோல் பங்க்காரராக ஒரே காட்சி. நம்மூரில் ஒரு படம் ஓடிய கதாநாயகனிடம் போய் இப்படி ஒரு வேடம் கேட்டுப் பாருங்கள்! நாடகக் குழுவில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் சாதாரணம். இன்று ராஜா, நாளை சேவகன்.

'ஏழாவது முத்திரை'யும் மேடையில் முளைத்ததுதான். மால்மோவில் தன்னிடம் நடிப்பு பயின்ற மாணவர்களுக்காக பெர்க்மன் எழுதிய ஓரங்க நாடகமே அதன் விதை.

மால்மோவிலிருந்து வடக்கே ரயிலில் போஸ்டாட் போய், அங்கிருந்து சாலை வழியாக, 'ஏழாவது முத்திரை'க்காகப் படம்பிடித்த கடற்கரையான ஹோவ்ஸ் ஹல்லார். மேலே புல்வெளியில் ஆடு மேய்கிறது; விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால் செங்குத்தாகச் சரியும் பாறைகள், கடலுக்குள் தனியாக நிற்கும் கல் தூண்கள். கீழே இறங்கும் பாதையில் முழங்கால் பத்திரம். கரையில் மணல் கிடையாது, எல்லாம் உருண்டைக் கற்கள். 1956 கோடையில் சிலுவைப்போர் வீரன் வான் சிடோவும், கறுப்பு அங்கியில் எமனாக பெங்ட் எக்கரோட்டும் இந்தக் கற்களின் மேல்தான் சதுரங்கம் ஆட உட்கார்ந்தார்கள். அப்போது வான் சிடோவுக்கு வயது 27. பத்து வருடம் போர்க்களத்தில் அலைந்து கடவுளையே சந்தேகிக்கத் தொடங்கிய வீரனின் களைப்பை அந்த வயதில் முகத்தில் கொண்டுவந்திருக்கிறார்.

இந்தக் கரையில் எடுத்த இன்னொரு காட்சியும் பிரசித்தம்: குன்றின் மேல் எமன் எல்லோரையும் கைகோத்து இழுத்துப் போகும் நிழலுருவங்கள். அன்று நடிகர்களில் பலர் கிளம்பிப் போய்விட்டார்கள். திடீரென்று நல்ல மேகம் திரண்டதும் படக்குழு ஆட்களுக்கும், வேடிக்கை பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகள் சிலருக்கும் உடையை மாட்டி அவசரமாக எடுத்ததாக பெர்க்மனே எழுதியிருக்கிறார்.

பிறகு ஹாலிவுட். 1965இல் இயேசுவாக நடித்தார். தொடர்ந்து பாதிரிகள், கொலைகாரர்கள், விண்வெளிச் சக்கரவர்த்தி, பாண்ட் பட வில்லன். இந்த வேடங்களில் பாதியை அவர் செய்யாமலே இருந்திருக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் மேடையை அவர் விடவில்லை. 1988இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் 'டெம்பெஸ்ட்' நாடகத்தின் ப்ராஸ்பரோவாக நின்றார். 2002இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, 2020 மார்ச் 8 அன்று பிரான்சிலேயே காலமானார்.

அவர் நடித்ததில் உச்சம் எது என்று கேட்டால் 1987இல் வந்த 'பெல்லே தி கான்கரர்' என்பேன். ஆஸ்கர் சிறந்த நடிகர் பரிந்துரையும் அதற்குக் கிடைத்தது. பிழைக்க வழியில்லாமல் மகனுடன் ஸ்வீடனை விட்டு டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவுக்குக் கூலிவேலைக்குப் போகும் கிழவன். மகனை அவமானப்படுத்தியவனை ஒரு கை பார்க்கிறேன் என்று வீராவேசமாகக் கிளம்புவான். ஆள் எதிரே வந்ததும் உடம்பு அப்படியே குறுகிப்போகும். அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு சின்னதாக்க எத்தனை வருட மேடை வேண்டும்!

அந்தத் தீவுக்கும் ஸ்கோனேயிலிருந்தே போகலாம். ஈஸ்டாட் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீவின் ரோன்னே துறைமுகம். கோடையில் கூட்டம் நெரியும், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.