உளுந்துக்கு மாடல் ஓட்டினேன், தண்ணி எங்க போகும்னு கேட்க மறந்துட்டேன்

மண் வடிகாலும் பயிர் வளர்ச்சியும், இதான் என் எம்டெக் ப்ராஜெக்ட். திருவாரூர் பக்கம் எங்க வயலையே எடுத்துக்கிட்டேன். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி மண்ணு ஈரமா மெழுகு பதத்துல இருக்கறப்ப தெளிச்சு விடுவோம்ல, அந்த உளுந்துதான் பயிர். 2023 பிப்ரவரி ஆரம்பத்துல டெல்டா முழுக்க கொட்டுன மழைல எங்களுக்கு பாதிக்கு மேல போச்சு, அது எப்படிப் போச்சுன்னு கணக்கா காட்டணும்னு ரொம்ப ஆசை.

மழை, மண், பயிர் விவரம் குடுத்தா மகசூல கணக்குப் போட்டுச் சொல்ற கம்ப்யூட்டர் மாடல் ஒண்ணு, ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு எஃப்ஏஓவோட அக்வாக்ராப், ஃப்ரீயா கிடைக்குது. அதுல உளுந்துக்கு ரெடியா பயிர் ஃபைல் கிடையாது, சோயா ஃபைல எடுத்து வயசு, வேர் ஆழம் எல்லாம் மாத்தவே ஒரு மாசம் ஓடிடுச்சு. கடைசில மழை, வெயில், களிமண் விவரம் எல்லாம் குடுத்து ஓட்டினா மகசூல் பெருசா குறையவே இல்லைங்குது! சேறடிச்சு சேறடிச்சு ஒரு சாண் ஆழத்துல இறுகிப் போன தட்டு இருக்குமே, அதையும் தனி லேயரா சேத்தேன், கொஞ்சம் மாறுச்சு, ஆனா பத்தல.

அப்பாகிட்ட புலம்பினப்ப அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "வடிகா ரொம்பி நிக்கிறப்ப வயத்தண்ணி எங்கம்மா போவும்?"

அப்பதான் செட்டிங்ஸ போய்ப் பாக்குறேன், நிலத்தடி நீர்மட்டம் 'இல்லை'ன்னுதான் டீஃபால்ட்டா இருக்கு. அதாவது மாடல் தண்ணிய கீழ தடையில்லாம விட்டுக்கிட்டே இருந்திருக்கு.

அடுத்த பட்டத்துல நீர்மட்டம் பாக்க ஓட்டை போட்ட பிவிசி பைப் ஒண்ண வயல்ல ஒரு மீட்டர் ஆழத்துக்கு நட்டேன். ஒரு மழை பேஞ்சு அஞ்சு நாள் ஆகியும் தண்ணி தரையிலேர்ந்து 10 செ.மீ. கீழயே நிக்குது, வடிகால்லயும் கிட்டத்தட்ட அதே மட்டம், உள்ள ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைச்சுக் கெடக்கு. ஒரு செடியப் புடுங்கிப் பாத்தேன், வேர் முடிச்செல்லாம் கறுத்து நசநசன்னு அழுகின வாடை, அடி இலை மஞ்சள். மண்ணுக்குள்ள காத்து போக எடமில்லாம மூணு நாள் தாண்டினா வேர் மூச்சுத் திணறி தண்ணி உறிஞ்சாதுன்னு மாடல்லயே கணக்கு இருக்கு, நான்தான் அந்த எடத்துக்கு அத வர விடவே இல்ல.

அந்த மட்டத்த வெச்சு 2023க்கு ஒரு நீர்மட்ட ஃபைல் போட்டு ஓட்டினேன், மகசூல் நாங்க வீட்டுக்குக் கொண்டு வந்த மூட்டைக் கணக்குக்குக் கிட்ட வந்துடுச்சு. வடிகால தூர் வாரி மட்டம் ஒரு முழம் எறங்கினா என்ன ஆகும்னும் போட்டுப் பாத்தேன், முக்கால்வாசி பயிர் தப்பிச்சிருக்கும்.

இப்ப மதகு சுவத்துல பெயிண்ட்ல ஸ்கேல் வரைஞ்சு வெச்சிருக்கேன், தெனம் காலைல அப்பா பாத்து மட்டத்த வாட்ஸ்அப்ல அனுப்புறார்.